தேசம்மாவின் முன்பணமும் இரவல் ரேடியோவும்

1. திருப்பிக் கேட்காத துட்டு

வீட்டு வசதிச் சங்கத்தில் சேர்ந்த முதல் வாரமே என்னைத் தோணியில் ஏற்றிவிட்டார்கள். நான் பழவேற்காட்டுக்காரன், ஏரிக்கரையில் பிறந்தவன், ஆகவே தண்ணீர் பயம் இருக்காது என்று மேலாளர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஜவுளி வியாபாரம். தண்ணீரை நாங்கள் குடிக்கவும் குளிக்கவும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யவும் மட்டுமே பயன்படுத்திவந்தோம். தோணி கரையைவிட்டு நகர்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பாய் தூங்கறாரு, மெதுவா தள்ளு" என்று தோணிக்காரர் சொன்னது காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்பதைவிடத் தூங்குமூஞ்சி என்ற பெயர் ஆபீஸ்காரனுக்குப் பொருத்தம்.

எழுபதுகளின் கடைசி அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் ஒரு குப்பம். அதன் பின்னால் கொஞ்சம் உயரமான இடத்தில் எங்கள் சங்கம் ஒரு வரிசை செங்கல் வீடுகள் கட்டியிருந்தது. அவற்றுக்கு ஆள் சேர்ப்பதும், வாங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு எந்த உதவி பொருந்தும் என்று பார்ப்பதும் என் வேலை.

இப்போது சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் விலையை இரண்டு துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டை வாங்குகிறவர் முதலிலேயே கட்டவேண்டும். அதுதான் முன்பணம். பெரிய துண்டைச் சங்கம் கடனாகக் கொடுக்கும். அதை மாதத் தவணையாகக் கட்டித் தீர்க்கவேண்டும். தவணை கட்டத் தெம்புள்ள பலபேர் அந்தச் சின்னத் துண்டில்தான் தடுக்கி விழுவார்கள். அன்றன்று சம்பாதித்து அன்றன்று அடுப்பு மூட்டுகிற வீட்டில், அதுவும் ஒரே ஆள் சம்பாதிக்கிற வீட்டில், மொத்தமாக ஒரு தொகை எப்படிச் சேரும்?

அதற்காகத்தான் முன்பண உதவி வந்தது. இதுவரை சொந்தமாகக் கல்வீடு இருந்திருக்கக் கூடாது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சின்னத் துண்டைச் சங்கமே போட்டுவிடும், திருப்பிக் கேட்காது. ஆனால் வாங்கியவர் அந்த வீட்டிலேயே குடியிருக்கவேண்டும். கடன் தீருமுன் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ உதவித்தொகையைத் திருப்பித் தரவேண்டும். பெரிய துண்டின் தவணை எப்படியும் அவர் பொறுப்புதான்.

வலை காயப்போட்டிருந்த இடத்தில் நின்று இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஏழுமலை என்பவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"திருப்பிக் கேக்காத துட்டா? அப்போ மீன கேப்பீங்க."

"மீனா? எதுக்குங்க மீன்?"

"ஏரிக்கு அந்தாண்ட ஒரு வியாபாரி முன்பணம் குடுத்தாரு. எங்கப்பன் வல வாங்கனாரு. இன்னி வரைக்கும் எங்க மீனு அவருக்குத்தான். அவரு சொல்றதுதான் வெல. துட்ட மட்டும் திருப்பிக் கேட்டதே இல்ல பாய். தங்கமான மனுசன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூட்டத்தில் முன்பணம் வாங்காத வீடு ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குத் தெரிந்த முன்பணத்துக்கு மறுமுனையில் எப்போதும் ஒரு கயிறு இருந்தது. நான் இன்னொரு கயிற்றோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கலைந்து போனார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. தேசம்மா அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் தோணிகள் கரையேறியதும் மீன் எடுத்து, ஏரியைத் தாண்டி, பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக் கூடையை ஏற்றி, தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவார். கல்யாணம் ஆகவில்லை. கால் விளங்காமல் போன அப்பாவை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். கல்லு ஊடு எங்க பரம்பரைக்கே கெடையாது. எனக்குக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அக்கா."

"மீனு?"

"மீன் வேணாம் அக்கா."

"நீ தூங்கிக்கினே வந்த ஆளு. நல்லா முழிச்சிக்கினு சொல்லு."

கண்ணை அகல விரித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் குடிசைக்குக் கூட்டிப்போய் அப்பாவைக் காட்டினார். கயிற்றுக் கட்டில். அதன் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. மழைக்காலத்தில் ஏரி பொங்கிக் குடிசைக்குள் வந்துவிடும். போன வருடம் செங்கலைத் தாண்டி ஏறிவிட்டது. இருமலோடு கிடந்த பெரியவரைத் தோணியில் படுக்கவைத்துத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்களாம்.

"போன மழைக்கே நைனா போயிருக்கணும். ஏதோ தப்பிச்சிகினாரு. இந்த மழைக்குத் தாங்க மாட்டாரு பாய்" என்றார் தேசம்மா அக்கா.

"தாங்குவேன்" என்றார் பெரியவர் கட்டிலிலிருந்து. உடனே இருமினார்.

2. நான் கொடுத்த யோசனை

மனு போயிற்று. மதராஸிலிருந்து ஆய்வு அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்வார் என்று பதில் வந்தது. புரட்டாசிக்குள் முடிவாகாவிட்டால் அந்த வீடு அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் மேலாளர் சொல்லிவிட்டார்.

அந்த அதிகாரியைப் பற்றி ஆபீஸில் விசாரித்தேன். "சிரிச்சுப் பாத்ததில்ல" என்றார் ஒருவர். "பாத்தவங்க வேலையில இல்ல" என்றார் இன்னொருவர். விளையாட்டுக்குச் சொன்னார்கள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் வேலையும் அப்போது தற்காலிகம்தான்.

இந்த உதவியில் ஒரு சிக்கல் உண்டு. முன்பணம் கட்ட முடியாத அளவுக்கு இல்லாதவராக இருக்கவேண்டும். தவணையை ஒழுங்காகக் கட்டுகிற அளவுக்கு இருப்பவராகவும் தெரியவேண்டும். ஒரே குடிசை அதிகாரியின் கண்ணுக்கு இரண்டு மாதிரியும் தெரியவேண்டும். அதை நினைத்து நினைத்துப் புலம்பியவன், ஆய்வுக்கு முந்தின நாள் குப்பத்துக்குப் போனேன். தேசம்மா அக்கா மீன் விற்கப் போயிருந்தார். பக்கத்துக் குடிசை முனியம்மாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஆபீசர் வர்றார். இந்த வீட்டை நம்பலாம்னு அவருக்குத் தோணணும். கொஞ்சம் நல்லா வெச்சிருங்க."

வாசலைப் பெருக்கிவைக்கச் சொல்கிறேன் என்பதுதான் என் எண்ணம்.

"பொண்ணு பாக்க வர்றவங்களையே சமாளிக்கிறோம். இவரு ஒரு ஆளு. நீ போய் நிம்மதியா தோணில தூங்கு பாய்" என்றார் முனியம்மா.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால், சுற்றியிருக்கிற வீடுகளெல்லாம் தங்களிடம் இருப்பதில் நல்ல சாமானை எடுத்துவந்து அங்கே வைத்துவிடும். யாரும் கேட்கவேண்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வந்தவர்கள் போகும்வரை எது யாருடையது என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரியும், அவர்கள் குப்பத்திலும் இதேதான். அதனால் யாரும் ஏமாந்துபோவதில்லை. பெண்ணுக்கு ஊர் செய்கிற மரியாதை அது, அவ்வளவுதான்.

3. யார் ஊடு இது?

மறுநாள் அதிகாரி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்துவந்தார். மதியம்தான் வருவார் என்று தேசம்மா அக்காவிடம் சொல்லியிருந்தோம். ஆனால் அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். அக்கா இன்னும் பொன்னேரியிலிருந்து திரும்பவில்லை.

குடிசைக்குள் நான் முதலில் குனிந்து நுழைந்தேன். நுழைந்தவன் அப்படியே பின்வாங்கி அதிகாரியின் காலை மிதித்தேன்.

உள்ளே பளபளவென்று பித்தளை அண்டா. அதன்மேல் பித்தளைக் குடம், அதன்மேல் இன்னொரு குடம். எவர்சில்வர் தட்டுகள் சுவரோடு சாய்ந்து வரிசையாக நின்றன. கைவைத்த மர நாற்காலி. பூப்போட்ட விரிப்பு. ஒரு மூலையில் துணி உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ. நடுவில் பெரியவர், யாருடையதோ பட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு, கட்டிலில் ராஜா மாதிரி சாய்ந்திருந்தார்.

"வாங்க, ஒக்காருங்க" என்றார்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். அண்டாவைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முன்பணம் கட்ட வழியில்லாத குடும்பம்னு நீங்கதானே எழுதினது?"

"ஆமா சார்."

"ரேடியோ இருக்கு."

அந்த நேரத்தில் என் மூளை செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே சிரிப்பு வருகிறது. "அது பாடாத ரேடியோ சார்" என்றேன்.

அவர் எழுந்துபோய்க் குமிழைத் திருகினார். நாதஸ்வரம் குடிசையே அதிரும்படி கிளம்பியது. அதைவிடச் சத்தமாகக் கூரைக்கு வெளியிலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது.

"யோவ், அத்த அமுத்துய்யா! பேட்டரி தீந்துடும்! புயல் சேதி கேக்கறதுக்கு வெச்சிருக்கேன்!"

வெளியில் யாரோ அவர் வாயைப் பொத்துவது கேட்டது. அதிகாரி ரேடியோவை நிறுத்தினார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவர் பக்கத்துல இருக்கறவர் சார், எல்லா வீட்டு ரேடியோவுக்கும் கவலைப்படுவார்" என்றேன்.

வேலை போனால் ஜவுளிக்கடையில் மாமாவிடம் முழம் போட நிற்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. தலையில் காலிக் கூடையோடு தேசம்மா அக்கா. உள்ளே எட்டிப் பார்த்தவர் சட்டென்று வெளியே போய்விட்டார். வெளியில் அவர் குரல் கேட்டது.

"ஏ முனியம்மா, இது யார் ஊடு? என் ஊடு எங்க?"

"உன்னுதுதான்டி, உள்ள போ!"

மறுபடி வந்து நின்றார். அண்டாவைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், பட்டுப் போர்த்திய அப்பாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக நாற்காலியில் இருந்த அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்துக்கிறாங்களா? இவுருதான் மாப்ளையா? கொஞ்சம் வயசாயிடுச்சே."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அதிகாரிக்குப் புரையேறியது. வெளியில் சிரிப்பை அடக்கிவைத்திருந்த ஊர் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. பெரியவர் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா இதெல்லாம்? சங்கத்தை ஏமாத்தப் பாக்கறீங்களா?" என்றார்.

முனியம்மா தலையை உள்ளே நீட்டினார். "ஏமாத்தறது இன்னா சார்? வந்த மனுசன் வெறுந்தரைய பாத்துட்டுப் போனா எங்க பொண்ணுக்கு அசிங்கம் இல்லியா?"

"பொய்தான் சார்" என்றார் தேசம்மா அக்கா. "எனக்குத் தெரியாம செஞ்சிட்டாங்க. ஆசையாத்தான் செஞ்சிக்கிறாங்க. ஆனா எனக்கு வேணாம். ஏ, வாங்க எல்லாரும், அவங்கவங்க சாமான எடுத்துக்கினு போங்க. இருக்கறத அவரு பாக்கட்டும்."

முதலில் பாய்ந்து வந்தவர் ஏழுமலை. ரேடியோவைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து வந்தார்கள். தட்டு போயிற்று, குடம் போயிற்று. அண்டாவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெரியம்மா விரிப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஐயா, செத்த எந்திரிங்க, நாற்காலி பள்ளிக்கூடத்துது" என்றார். அதிகாரி எழுந்தார். பட்டு அங்கவஸ்திரத்துக்கு உரியவர் வந்து நின்றதும், பெரியவர் தானாகவே அதைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்.

கூட்டம் போனபிறகு குடிசை பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. ஒரு அலுமினியப் பானை, ஒரு பாய், காலிக் கூடை, செங்கல்மேல் நிற்கிற கட்டில், அதில் சட்டையில்லாத பெரியவர். மண்சுவரில் என் இடுப்புயரத்துக்குப் போன வருடத்துத் தண்ணீர் ஏறிய கறை. அண்டா மறைத்திருந்தது அதைத்தான்.

அதிகாரி அந்தக் கறைக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வேற யாரும் சம்பாதிக்கறாங்களா?"

"இல்ல சார்."

"தவணை எப்படிக் கட்டுவே?"

"மாசா மாசம்னா ஐப்பசி கார்த்திகைல முடியாது சார். காத்து அடிச்சா தோணியே எறங்காது, நான் எத்த விக்கறது? எறால் நல்லா படற மாசத்துல சேத்துக் கட்டிர்றேன். அத்த வாங்கிப்பீங்களா?"

அவர் யோசித்தார். "தவணையை விடக்கூடாதுன்னுதான் விதி. முன்கூட்டியே கட்டக்கூடாதுன்னு இல்ல. மழைக்கு முந்தியே ரெண்டு மாசத்துது கட்டிடு."

"கட்டிர்றேன். நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நீங்க முன்பணம் போட்டுட்டு, அப்புறமா எங்கிட்ட மீன வெல கொறச்சிக் கேக்க மாட்டீங்களே?"

"நான் சைவம்மா" என்றார் அதிகாரி.

வெளியிலிருந்து முனியம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ பாவம்!"

4. தோணியில்

திரும்பும்போது அதிகாரி எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். இந்தத் தடவை பயத்தில் பாதி தண்ணீருக்கு, பாதி அவருக்கு.

"தூங்காதீங்க" என்றார். "நீங்க சொல்லித்தான் சாமானெல்லாம் வெச்சாங்களா?"

"நல்லா வெச்சிருங்கன்னு சொன்னேன் சார். பெருக்கச் சொன்னேன். அவங்க..."

ஏரி நடுவில் தோணி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் பெரிய பொண்ணைப் பாக்க வந்தப்போ எதிர் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வெச்சோம். நல்ல வெயில். அவங்க போனதும் திருப்பிக் குடுத்துட்டோம். கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளை வந்து, ஃபேன் எங்கன்னு கேட்டார்."

"என்ன சார் சொன்னீங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னேன். ரெண்டு வருஷமா ரிப்பேர்லயே இருக்கு."

அவர் சிரித்ததை நான் பார்த்தேன். ஆபீஸில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

கரை நெருங்கும்போது, "கல்வீடு இருந்ததில்ல, ஒரே ஆள் சம்பாத்தியம். ரெண்டையும் கண்ணால பாத்துட்டேன்" என்றார். "மத்ததை நான் பாக்கல."

5. மழை

புரட்டாசி முடியுமுன்பே உத்தரவு வந்துவிட்டது. சாவியைக் கொடுக்க நானே போனேன். தேசம்மா அக்கா அதை வாங்காமல் கேட்டார்.

"முன்பணம் போட்டது யாரு?"

"சங்கம்."

"தவண கட்டறது?"

"நீங்க."

"அப்போ ஊடு யாருது?"

"உங்களுது அக்கா. விக்காம, வாடகைக்கு விடாம, நீங்களே இருக்கற வரைக்கும் சங்கம் ஒண்ணும் கேக்காது."

"இவ்ளோதானே? இத்த அன்னிக்கே இப்டி சொல்லியிருந்தா ஏழுமலையும் மனு போட்டிருப்பாரு. நீ இன்னாவோ துண்டு துண்டுன்ன, மீன் வெட்டற மாதிரி."

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உதவியின் விதிகளை விளக்குவதற்கு முன்னால், எதிரில் இருப்பவர் இதுவரை வாங்கிய உதவிகள் அவரை என்ன செய்தன என்று கேளுங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னால் போதாது. எந்த நிலையில் திருப்பித் தரவேண்டி வரும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அப்போதுதான் நம்புவார்கள். அடுத்த வருடம் நான் அப்படித்தான் பேசினேன். ஏழுமலையின் தங்கை, புருஷன் விட்டுப்போனவர், முதல் ஆளாக வந்து நின்றார்.

ஐப்பசியில் பெருமழை. ஏரி பொங்கிக் குப்பத்துக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். காற்று தணிந்ததும், மழை இன்னும் விடாத நிலையில், முதல் தோணியில் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. அன்றைக்குக் கண்ணை மூடினேனா என்பதுகூட நினைவில்லை.

பழைய குடிசை இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. மேட்டிலிருந்த வீட்டில் தேசம்மா அக்கா, முனியம்மா, அவர் பிள்ளைகள், இன்னும் இரண்டு குடும்பங்கள் என்று கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. பெரியவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் இருந்தது. ஆள் இருந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தார்.

"இங்க பாரு பாய். மழ வெளியவே பேயுது."